உவர் எப்போது ஏறியது? வலிகாமத்து வயல்வெளி ஒன்றைச் செய்மதிப் படங்களில் பின்னோக்கித் தேடிய நிகழ்வு

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மேற்கில், வழுக்கையாற்றுக்குக் கிட்ட உள்ள ஒரு வயல்வெளியைப் பற்றியது இது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். காணி விடயம் எழுத்தில் வந்தால் எங்கே போய் நிற்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடிப் பரவைக்கடலில் கலக்கும். வயல்கள் மழையை நம்பியவை. ஆவணி, புரட்டாதியில் புழுதியாக உழுது விதைத்து, தை மாசியில் வெட்டுவார்கள். நான் சொல்லும் வெளி வடக்கே சற்று மேடாகத் தொடங்கித் தெற்கே கடற்பக்கம் தாழ்ந்து போகிறது. கடைசி வயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண் அணை இருக்கிறது. உவர்நீர் உள்ளே வராமல் இருக்க முன்னோர் கட்டியது. மழைத்தண்ணீர் வெளியேற அதில் ஒரு மதகு.

அணைக்கு அருகே உள்ள கீழ்வெளி, கிட்டத்தட்ட முப்பது ஏக்கர், பல வருடங்களாகத் தரிசாகக் கிடந்தது. மேல்வெளியில் நெல் தொடர்ந்து விளைந்தது. கீழ்வெளிக்காரர் அணையைத் திருத்தித் தரும்படி கமக்காரர் அமைப்பு மூலம் மனுக் கொடுத்தார்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் அணையை உடைத்தது, அதோடு உவர் ஏறி வயல் அழிந்தது என்று மனுவில் எழுதியிருந்தார்கள். வந்த பதில் ஒரு கேள்விதான்: அந்த நிலம் வயலாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

மேல்வெளியிலும் சிலர் அதையே கேட்டார்கள். "அது எங்கட அப்பு காலத்திலயே தரவை. மாடு மேய்ஞ்ச இடம்" என்றார் ஒருவர். தரவை என்று முடிவானால் வயலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் அங்கே ஒரு கூடை மண்ணும் போட முடியாது. கீழ்வெளிக்காரரிடம் சில காணி உறுதிகள் இருந்தன, பல இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. இருந்த உறுதிகளும் காணி யாருடையது என்று சொல்லினவே ஒழிய, எந்த வருடம் அதில் நெல் நின்றது என்று சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் அமைப்பின் செயலாளர் என்னிடம் வந்தார். நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவன். "சேர், மேலயிருந்து எடுத்த பழைய படம் எடுக்கலாமாமே, உண்மையோ?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். என்னோடு முன்னாள் மாணவி ஒருவரும், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை.

கையில் கிடைத்த படங்கள்

லாண்ட்சாட் வரிசையின் முதற் செய்மதி 1972இல் ஏவப்பட்டது. எங்களுக்குப் பயன்பட்ட காலம் 1984இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 5இலிருந்து தொடங்குகிறது. 2008இலிருந்து இந்தப் படங்கள் முழுவதும் இலவசம். இணைய இணைப்பும் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் ஊரில் இருந்தபடியே வேலை செய்யலாம். ஒரு செய்மதி 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும். படத்தின் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், நிலத்தில் 30 மீற்றருக்கு 30 மீற்றர்.

இதை எங்கள் அளவில் சொன்னால்தான் விளங்கும். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே லாண்ட்சாட்டின் ஒரு புள்ளிக்குள் மூன்றரைப் பரப்பு அடங்கிவிடும். முப்பது ஏக்கர் கீழ்வெளி முழுவதும் 135 புள்ளிகள்தான். 2015இல் ஏவிய சென்டினல் 2இன் புள்ளி 10 மீற்றர், அதாவது நான்கு பேர்ச்சிலும் சற்றுக் குறைவு (பத்துப் பேர்ச் ஒரு பரப்பு). அதே கீழ்வெளி அதில் 1,200க்கு மேற்பட்ட புள்ளிகளாகத் தெரியும். நாலு பரப்பு வயல் வைத்திருப்பவருக்கு லாண்ட்சாட்டில் தன் வயல் தனியாகத் தெரியாது, பக்கத்து வயலோடு கலந்தே தெரியும். இதை முதல் நாளே செயலாளருக்குச் சொன்னோம்.

செய்மதி எங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிகிறது. நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதுதான் பசுமைச் சுட்டெண். செழித்த பயிருக்கு அது ஒன்றை நோக்கிப் போகும், வெறும் மண்ணுக்குச் சுழியத்துக்குக் கிட்ட நிற்கும், தண்ணீருக்குச் சுழியத்துக்குக் கீழே இறங்கும்.

பெரிய தடை மேகம். நெல் நிற்கும் கார்த்திகை, மார்கழி மாதங்கள்தான் வடகீழ்ப் பருவமழை மாதங்களும். வானம் வெளித்த படம் தையின் பிற்பகுதிக்கு முன்பு கிடைப்பது அரிது. அதற்கு மேல், லாண்ட்சாட் 7இல் 2003 மே 31இல் ஒரு கருவி பழுதானது. அதன்பின் வந்த படங்களில் கறுப்புக் கோடுகள், ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதலான இடம் பதியாமல் போயிருக்கும். லாண்ட்சாட் 5 2011 கார்த்திகையோடு இந்தப் படங்களை நிறுத்தியது, லாண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013இல். இடையிலே 2012க்குக் கோடு விழுந்த படங்கள் மட்டும். அந்த ஓட்டை எங்களுக்கு எவ்வளவு முக்கியமான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதற் கூட்டமும் முதற் பிழையும்

இரண்டு கிழமை வேலைக்குப் பிறகு அமைப்பின் கட்டடத்தில் கூட்டம் வைத்தோம். மாணவி சுவரில் ஒரு வெள்ளைச் சீலை கட்டிப் படங்களைக் காட்டினாள். பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று. பழையதில் பச்சை, புதியதில் கீழ்வெளியோடு சேர்ந்து மேல்வெளியிலும் ஒரு பெரிய துண்டு மண்ணிறம். "உவர் மேல்வெளிக்கும் ஏறத் தொடங்கிவிட்டது" என்று நான் சொன்னேன்.

பின் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பினார். கிட்ட வந்து, சீலையில் விரலை வைத்து, "தம்பி, இது எங்கட வயல். இதில உவர் இல்லை. அந்த வருசம் முந்தி விதைச்சு முந்தி வெட்டினனாங்கள். இது தாள் நிக்கிற வயல்" என்றார்.

திகதியைப் பார்த்தோம். பழைய படம் தை நடுப்பகுதி, புதியது மாசி கடைசி. ஒன்றில் நெல் நிற்கிறது, மற்றதில் அறுவடை முடிந்து தாள், அதாவது வெட்டிய நெல்லின் அடிக்கட்டை, நிற்கிறது. வெட்டிய வயலும் உவர் நிலமும் பசுமைச் சுட்டெண்ணில் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆறு கிழமை வித்தியாசத்தை முப்பது வருட மாற்றம் என்று நான் சொல்லியிருந்தேன். அந்தக் கூட்டத்தில் மேல்வெளிக்காரரும் இருந்தார்கள். அவர்களுடைய நல்ல வயலை உவர் நிலம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதன் பெறுமதிக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

அன்றைக்கே இரண்டு முடிவு எடுத்தோம். பயிரைப் பார்ப்பதற்குத் தை 10க்கும் தை கடைசிக்கும் இடைப்பட்ட படங்கள் மட்டும். உவரைப் பார்ப்பதற்கு ஆடிப் படங்கள் மட்டும். கோடையில் நிலத்தடியிலிருந்து ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அது எல்லா நிற ஒளியையும் பளிச்சென்று திருப்பி அனுப்புவதால் தாள் நிற்கும் வயலின் மங்கலிலிருந்து பிரித்து அறியலாம். அப்புறம் அந்த அம்மாவிடமும் இன்னும் நாலைந்து பேரிடமும் உட்கார்ந்து, எந்த வருடம் பிந்தி விதைத்தார்கள், எந்த வருடம் மழை பொய்த்தது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். அந்தக் கொப்பிதான் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் இருந்தது.

ஆடி மாதத்து நடை

படங்களைத் திரும்ப அடுக்கியபோது கீழ்வெளியின் கிழக்குப் பக்கம், அண்மைய தை மாதப் படங்களில், ஒரு துண்டு பச்சையாக இருந்தது. அங்கே யாரோ திரும்ப விதைக்கிறார்கள் என்று நினைத்தோம். செயலாளர் இல்லவே இல்லை என்றார். சரி, போய்ப் பார்ப்போம் என்று ஆடியில் ஒரு காலை வெளிக்கிட்டோம். எழுபதைக் கடந்த ஒரு ஐயாவும் வந்தார். அந்த வெளியில் பிறந்து வளர்ந்தவர்.

ஒழுங்கை முடிந்து வெளியில் இறங்கியதும் செருப்புக்குக் கீழே மண் நொறுங்கியது. மேலே அப்பளம் போல் மெல்லிய வெள்ளைப் படை, அதன் கீழே ஈரமான கறுத்த சேறு. ஐயா குனிந்து ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "கடல் உப்புத்தான். ஆனா இது கடல் வந்து விட்ட உப்பு இல்லைத் தம்பி, தண்ணி நிண்டு காய்ஞ்ச உப்பு" என்றார். அப்போது அதன் பொருள் எனக்கு முழுக்க விளங்கவில்லை.

பச்சைத் துண்டு கோரை. இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது, ஓரத்தில் உவர் நிலத்தில் முளைக்கும் உமரியும். செய்மதிக்கு அதுவும் பச்சைதான். வீடு திரும்பியதும் மாணவி அந்த இடத்தின் பசுமைச் சுட்டெண்ணை ஒரே நாளில் பாராமல், சென்டினல் படங்களில் ஒரு வருடம் முழுக்க வரைந்து பார்த்தாள். மேல்வெளி நெல்லின் கோடு கார்த்திகையில் ஏறத் தொடங்கி, தையில் உச்சிக்குப் போய், மாசியில் சடாரென்று விழுந்தது. அறுவடை அந்தக் கோட்டில் ஒரு வெட்டுப் போலவே தெரிந்தது. கோரையின் கோடு சித்திரை வரை மெதுவாக இறங்கியது. இலங்கையிலோ எங்கேயோ நெல்லையும் புல்லையும் படத்தில் பிரிக்கப் போகிறவருக்கு நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு படத்தை நம்பவேண்டாம், ஒரு வருடத்தை வரையுங்கள்.

கோரைக்குள் நடந்தபோது ஐயா நின்று, "காலை வைச்சுப் பார்" என்றார். காலடியில் ஒரு மேடு. இரண்டு முழம் தள்ளிப் போனால் பள்ளம். அந்த மேட்டின் மேலேயே நடக்கச் சொன்னார். நேராக நாற்பது ஐம்பது அடி போனது, பிறகு ஒரு மூலையில் திரும்பியது. வரம்பு. கோரை மூடி, உப்பு அரித்து, உயரம் குறைந்திருந்தாலும் வரம்பின் கணக்கு மாறவில்லை. தரவைக்கு யாரும் வரம்பு கட்டமாட்டார்கள். பின்னேரம் கூகுள் எர்த்தில் பழைய திகதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது, கோடைப் படம் ஒன்றில் அதே இடத்தில் மெல்லிய கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. முன்பும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். நடந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

நில அளவையாளர் தன் பங்குக்குப் பழைய ஒரு அங்குல வரைபடத்தை, அதாவது ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் வரைபடத்தை, தேடிக் கொண்டுவந்தார். அதிலும் கீழ்வெளி வயல் என்றே குறிக்கப்பட்டிருந்தது. தரவை என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

வருடக் கணக்கில் கண்டது

எண்பதுகளின் பிற்பகுதித் தைப் படங்களில் கீழ்வெளியில் அணை வரை பச்சை. அதில் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதிப் படம் ஒன்றில் கீழ்வெளியிலும் பச்சை இல்லை, மேல்வெளியிலும் இல்லை. மாணவி அதைப் பார்த்து, "சேர், இந்த வருசம் பெரிய வரட்சியோ?" என்று கேட்டாள். அவள் பிறந்தது அதற்குப் பிறகு. 1995 ஐப்பசி 30ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. விதைத்த வயலை விட்டுவிட்டுச் சனம் நாவற்குழிப் பாலத்தால் போனது. அந்த மாரியில் மழை பெய்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. ஐயாவிடம் படத்தைக் காட்டியபோது வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்கள் இல்லாதது மேலயிருந்தும் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். வானத்திலிருந்து பார்க்கிறது என்றாலே இந்த ஊரில் வயதானவர்களுக்கு வேறு நினைவுகள் வரும். படம் காட்டப் போகிறவர் அதற்கும் இடம் விட வேண்டும்.

அறிக்கையில் அந்த வருடத்துக்குப் பக்கத்தில் "பயிரில்லை: இடப்பெயர்வு" என்று எழுதினோம். எண்ணை மட்டும் பார்க்கும் ஒருவர் அதை உவரின் தொடக்கம் என்று வாசித்துவிடுவார்.

2000க்குப் பிறகு பச்சை திரும்புகிறது. முதலில் மேல்வெளி, சில வருடம் கழித்துக் கீழ்வெளியில் பெரும்பகுதி. அடுத்தது 2008. நிஷா வெள்ளத்துக்குப் பிறகு வந்த தையில் கீழ்வெளி அணையோரம் பயிர் இல்லை. அது மனுவில் சொன்னதோடு பொருந்தியது. ஆனால் 2010 தைப் படத்தில் அந்தப் பச்சை திரும்ப வந்திருந்தது. 2011இலும் இருந்தது.

இது எங்களுக்கு எதிர்பாராத செய்தி. மனுவின் நடுத்தூணே 2008தான். ஐயாவிடம் கேட்டோம். கொஞ்சம் யோசித்தார். "வெள்ளத்தில அணை உடைஞ்சது உண்மை. அடுத்த கோடைக்க நாங்களே சேர்ந்து மண் போட்டு அடைச்சனாங்கள். மறுவருசம் விதைச்சனாங்கள்தானே..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். "அப்ப எப்ப விட்டது?"

2013 தொடக்கம் படங்கள் அதற்குப் பதில் சொன்னன. அந்த வருடம் கோடையில் லாண்ட்சாட் 8 எடுத்த படத்தில், கீழ்வெளியின் நடுவே ஒரு சிறிய வெள்ளை நாக்கு. அடுத்த ஆடியில் அது நீண்டிருந்தது. 2016இல் கீழ்வெளியில் பாதி. கடற்பக்கமிருந்து உள்ளே வந்திருந்தால் அணையோரம் வெளுத்துப் பிறகு வடக்கே ஏறியிருக்க வேண்டும். இது நடுவில் தொடங்கி வடக்கும் தெற்குமாக விரிந்திருந்தது. தொடங்கிய இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பழைய வாய்க்காலைக் குறுக்கே கடக்கும் ஒழுங்கை.

தண்ணீர் நின்ற இடம்

அந்த ஒழுங்கை முன்பு வெறும் மண் பாதை. போருக்குப் பிந்திய வருடங்களில் மண் நிரப்பி உயர்த்திக் கொங்கிறீற் போட்டார்கள். ஊருக்கு அது தேவையான வேலை, பிள்ளைகள் மாரியிலும் சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் வாய்க்கால் கடக்கும் இடத்தில் இருந்த அகன்ற மதவை, அதாவது தண்ணீர் கீழால் போகும் சிறு பாலத்தை, எடுத்துவிட்டு ஒரேயொரு குழாய் வைத்திருந்தார்கள். எந்த வருடம் என்று கேட்டால் சிலர் 2012 என்றார்கள், சிலர் 2013 என்றார்கள். படத்தில் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், நான் மேலே சொன்ன ஓட்டை சரியாக அந்த இடத்தில். 2012 படங்களில் கறுப்புக் கோடு ஒழுங்கையின் மேலேயே விழுந்திருந்தது.

மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று காட்ட மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் படம் வேண்டும். சென்டினல் 1 அதைத் தருகிறது. அது ரேடார், தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிகிறது. இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. அசையாத தண்ணீர்ப் பரப்பில் பட்ட அலை கண்ணாடியில் பட்டது போல் மறுபக்கம் தெறித்துப் போய்விடுவதால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். காற்று அடித்துத் தண்ணீர் சிலிர்த்தால் அந்தக் கறுப்பு மங்கும், பயிருக்குள் நிற்கும் தண்ணீர் சிலவேளை பளிச்சென்று எதிர்மாறாகத் தெரியும். இந்த இரண்டையும் மனதில் வைத்து, திகதி திகதியாகப் பார்த்தோம். 2020 மார்கழியில் புரெவி புயல் மழைக்குப் பிறகு வந்த படங்கள் மிகத் தெளிவானவை. மேல்வெளியில் தண்ணீர் வடிந்த பிறகும் ஒழுங்கைக்கு வடக்கே ஒரு கறுப்புத் துண்டு கிழமைக் கணக்கில் அப்படியே நின்றது. அதன் உருவமும் ஆடி மாதத்து வெள்ளை நாக்கின் உருவமும் கிட்டத்தட்ட ஒன்று.

ஐயா அன்று நாக்கில் வைத்துச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடலோர வயலில் உப்பு எப்போதும் கொஞ்சம் இருக்கும். முதல் மழை அதைக் கரைக்கும், கரைந்த தண்ணீர் வாய்க்காலால் போய் மதகால் கடலுக்கு வெளியேறும். வருடா வருடம் மழை வயலைக் கழுவிக் கொடுத்தது. வழியை அடைத்தால் உப்புத் தண்ணீர் அங்கேயே நின்று காயும், உப்பு அங்கேயே தங்கும். ஒழுங்கைக்குத் தெற்கே நிலைமை வேறு: அங்கே கழுவுவதற்கு நன்னீரே வரவில்லை, மதகடியில் திரும்ப உடைந்த ஓர் உடைப்பால் கடல் வந்து போனது. நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பாதிப்பு இன்னும் கூட. நாங்கள் பின்னர் அளக்கக் கொடுத்த மண் அதைத் தாண்டியிருந்தது.

சென்டினல் 1 ஏவப்பட்டது 2014இல். ஆகவே ஒழுங்கை உயர முன் தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது என்பதற்கு ரேடார்ச் சான்று கிடையாது. அதற்கு ஊராரின் வாய்மொழிதான் உண்டு என்று அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

எதை எழுதுவது, எதைக் கொடுக்காமல் விடுவது

இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான். செயலாளர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். "சேர், 2010இல பச்சை வந்ததை எழுதவேண்டாம். வெள்ளத்தால அழிஞ்சது எண்டு விட்டால் வேலை கெதியாய் நடக்கும்" என்றார். அவர் தனக்காகக் கேட்கவில்லை. கடன்பட்டு விதைத்து இரண்டு வருடம் பதர் அறுத்தவர்களுக்காகக் கேட்டார். அது எனக்குத் தெரியும்.

ஆனாலும் எழுதினோம். காரணம் ஒன்றுதான்: வெள்ளம் என்று எழுதினால் அணையை மட்டும் கட்டுவார்கள். அணையை மட்டும் கட்டினால் ஒழுங்கைக்கு வடக்கே நிற்கும் தண்ணீர் அப்படியே நிற்கும், சிலவேளை இன்னும் கூடும். பணம் செலவான பிறகும் வயல் வராது. இதை நிலத்தில் தடியால் கோடு கீறிக் காட்டியவர் ஐயாதான். செயலாளர் ஏற்றுக்கொள்ள ஒரு கிழமை எடுத்தது.

இரண்டு கோரிக்கைகளை மறுத்தோம். ஒருவர் தன் பக்கத்து வேலி நகர்ந்ததா என்று பழைய படத்தில் பார்த்துத் தரக் கேட்டார். கூகுள் எர்த்தில் ஒரு திகதிப் படத்துக்கும் இன்னொரு திகதிப் படத்துக்கும் இடையே படமே சில மீற்றர் விலகி நிற்பதுண்டு. வேலிச் சண்டை அடிக் கணக்கில் நடப்பது. எல்லையை நில அளவையாளர் காணியில் நின்று அளக்க வேண்டும். இன்னொருவர் உவர் ஏறிய காணிகள் எவை என்று தனித்தனியே குறித்த வரைபடம் கேட்டார். மலிவாக வாங்கி மண் நிரப்பும் எண்ணம் என்று விசாரித்தபோது தெரிந்தது. வெளி அளவில் தவிர, தனிக் காணி அளவில் எந்த வரைபடமும் வெளியே கொடுப்பதில்லை என்று அதன்பிறகு முடிவெடுத்தோம்.

அறிக்கைக்குப் பிறகு

நாலு பக்கமும் மூன்று வரைபடமும். முதற்தடவை கொடுத்தபோது, செய்மதிப் படம் சான்றாகாது என்று திரும்பி வந்தது. பழைய ஒரு அங்குல வரைபடத்தின் பிரதியையும், வரம்புகளின் நிலப் புகைப்படங்களையும், மண் அளவையும் சேர்த்து மறுபடி கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் அலுவலர்கள் நேரில் வந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் அது, நல்ல காலம். ஒழுங்கையின் ஒரு பக்கம் முழங்காலளவு தண்ணீர், மறுபக்கம் சேறு. அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

அடுத்த மாரிக்கு முன்பு ஒழுங்கையில் குழாயை எடுத்துவிட்டு அகன்ற மதவு கட்டினார்கள். மதகடி உடைப்பை ஊர்க்காரர் சிரமதானத்தில் அடைத்தார்கள். அணையை முழுதாகத் திருத்தும் வேலை இதை எழுதும்போதும் தொடங்கவில்லை.

அந்த மாரி ரேடார்ப் படங்களில் கறுப்புத் துண்டு முன்பைவிட விரைவாகச் சுருங்கியது. ஆடியில் வெள்ளை நாக்கின் வடக்கு நுனி பின்வாங்கியிருந்தது, தெற்கே பெரிய மாற்றமில்லை. அதற்கடுத்த புரட்டாதியில் வடக்குப் பக்கத்தில் ஒருசிலர் உவரைத் தாங்கும் அற் 354 நெல்லை விதைத்தார்கள். தையில் அது சென்டினல் படத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாகத் தெரிந்தது. அந்தக் கோடு மாசியில் சடாரென்று விழுந்தபோது மாணவி எனக்குத் தொலைபேசி எடுத்தாள், "சேர், வெட்டிட்டினம்."

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மதவு அகன்றதும் தண்ணீர் வேகமாக ஓடிவிட, மழை இடைவெளி விட்ட நாட்களில் மேல்வெளியின் தென்பகுதி காய்ந்தது. மேல்வெளிக்காரர் வந்து குறைப்பட்டார்கள், அது நியாயமான குறை. மதவுக்குப் பலகை போடும் தவாளிப்பு வைத்திருந்தால் தேவைக்கு மறித்துத் தேவைக்குத் திறந்திருக்கலாம். நாங்கள் உப்பு வெளியேறுவதை மட்டுமே பார்த்திருந்தோம். இப்போது மண் மூடைகளால் மறிக்கிறார்கள், யார் எப்போது மறிப்பது என்பதில் இன்னும் இழுபறி.

இன்னொருமுறை செய்தால்

கணினியைத் திறக்க முன் வெளியில் நடப்பேன், அதுவும் இரண்டு தடவை, ஆடியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. அந்த அம்மாவையும் அவரைப் போல வயலில் நிற்கும் பெண்களையும் முதற் கூட்டத்துக்கு முன்பே போய்க் கேட்பேன். எங்கள் கொப்பியில் மிகத் துல்லியமான திகதிகள் அவர்களுடையவை. பிள்ளை பிறந்த வருடம், பூப்புனித நீராட்டு, செத்தவீடு என்று எதையாவது வைத்து விதைப்பைச் சொன்னார்கள்.

மண்ணை முதல் மாதமே அளக்கக் கொடுப்பேன். நாங்கள் பிந்தி அளந்ததால் மதவு கட்ட முன் இருந்த நிலைக்கு ஒரே ஓர் அளவுதான் கையில் இருக்கிறது. மேல்வெளியையும் அதே கவனத்தோடு பார்ப்பேன், அங்கே தண்ணீர் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

படங்களையும் கொப்பியின் பிரதியையும் கமக்காரர் அமைப்பின் அலுமாரியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தையிலும் ஒரு படம், ஒவ்வொரு ஆடியிலும் ஒரு படம் எடுத்துச் சேர்ப்பதை மாணவி பொறுப்பேற்றிருக்கிறாள். போன ஆடிப் படத்தை நானும் ஐயாவும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தோம். தெற்குப் பக்கம் இன்னும் வெள்ளைதான். அவருடைய வயல் அந்தப் பக்கம்.